முப்பது தாண்டினாப் பிறகு பல்லுக்குக் கம்பி: வன்னியில இருந்துகொண்டு எந்த டொக்டரிட்டப் போறது?

ஒட்டுசுட்டான் பெட்டை எழுதியது:

வணக்கம். வயது 31. மேல் வேட்டைப்பல் ரெண்டும் முரசில (ஈறில) ஏறி நிக்குது. கீழ முன்பல்லு நாலும் ஒண்டை ஒண்டு தள்ளிக்கொண்டு நிக்குது. பள்ளிக்கூட வயதில இதைப் பாக்கிற நிலைமையில எங்கட வீடு இருக்கேல்ல. அது எந்தக் காலமெண்டு இங்க இருக்கிற ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை. இப்ப சொந்தச் சம்பளம் இருக்கு, செய்வமெண்டு யோசிக்கிறன்.

வவுனியாவில ரெண்டு இடத்தில கேட்டுப் பாத்தன். ஒரு இடத்தில வாயைத் திறக்கச் சொல்லி ரோச் அடிச்சுப் பாத்திட்டு, வாற கிழமையே ஒட்டலாம், இந்த மாதம் விலைக்கழிவும் இருக்கு எண்டிச்சினம். மற்ற இடத்தில கம்பியைப் பற்றிக் கதைக்கவேயில்லை. எக்ஸ்றே எடுத்து, முரசைக் குத்திக் குத்தி அளந்துபோட்டு, "முதல்ல முரசு வருத்தத்தை மாத்துவம், மூண்டு மாதத்தால வாங்கோ" எண்டு அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு முதல் இடம்தான் பிடிச்சிருக்கு. கலியாணப் பேச்சுக்கு முந்தி முடிஞ்சிடுமாம். எனக்கு மற்ற டொக்டரில ஒரு நம்பிக்கை, ஆனா அங்க விலை கூட. எதை வைச்சு முடிவெடுக்கிறது?

முறிகண்டிக் கச்சான் எழுதியது:

தங்கச்சி, ரெண்டாவது ஆள். இனி இந்த உரையாடல் இழையைப் பூட்டலாம்.

சரி, பகிடியை விடுவம். விலையையும் கம்பி என்ன சாதி எண்டதையும் ஒரு பக்கம் வையுங்கோ. போற இடத்தில முதல்ல இதைக் கேளுங்கோ: "டொக்டர், கம்பி கழட்டுற அண்டைக்கும் நீங்கள்தானே இருப்பியள்?"

என்னைப் பாத்த டொக்டர் 2022 இல, எல்லாரும் பெற்றோல் வரிசையில நிண்ட காலத்தில, குடும்பத்தோட வெளிநாடு போட்டார். அவரில பிழை சொல்லேல்ல. அந்த நேரம் இலங்கையை விட்டுப் போன டொக்டர்மார் கொஞ்சப் பேரே? ஆனா கம்பி என்ர வாய்க்குள்ள. வேற ஆளைப் போடுறம் எண்டு கிளினிக் சொல்லிக்கொண்டே இருந்தது, போடேல்ல. வேற இடங்களுக்குப் போனா, தொடவே யோசிக்கினம். முதல் எடுத்த எக்ஸ்றே எங்க, பல்லு அச்சு எங்க, தொடங்க முந்தி எடுத்த படம் எங்க எண்டு கேப்பினம். ஒண்டும் என்னட்ட இல்லை, எல்லாம் பூட்டின கிளினிக்குக்குள்ள. கடைசியா யாழ்ப்பாணத்தில ஒருவர் எடுத்தார், ஆனா எல்லாம் முதல்ல இருந்து. காசும் முதல்ல இருந்துதான்.

அதால, எங்க போனாலும் முதல் நாளே எக்ஸ்றே, படம், திட்டம் எல்லாத்தின்ர பிரதியையும் வேண்டி வைச்சிருங்கோ. தர யோசிக்கிற இடமெண்டா அங்க தொடங்காதேங்கோ.

பரந்தன் பல்லுக்காரன் எழுதியது:

நான் பொதுப் பல் வைத்தியர். கம்பி போடுறது என்ர வேலை இல்லை. அதால ஆருக்கும் வால்பிடிக்க வேண்டிய தேவையும் எனக்கில்லை.

முதல்ல ஆள் ஆரெண்டு பாக்கவேணும். பல் வைத்தியர் எண்டா பீ.டி.எஸ் பட்டம். ஓர்தோடொன்டிஸ்ட் எண்ட பற்சீரமைப்பு நிபுணர் அதுக்குப் பிறகு, கொழும்புப் பல்கலைக்கழகத்தின்ர பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில பல வருசம் அதையே தனியாப் படிச்சு, வெளிநாட்டிலயும் பயிற்சி எடுத்து வாறவர். குறுங்காலப் பயிற்சிச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொழுவி வைச்சிருக்கிறதும் இதுவும் ஒண்டில்லை. பெயர்ப்பலகையில என்ன எழுதியிருந்தாலும், இலங்கை மருத்துவ சபையில பதிவு இருக்கோ எண்டு பாருங்கோ. "நீங்கள் பற்சீரமைப்பு நிபுணரோ, எங்க படிச்சனீங்கள்?" எண்டு நேரிலயும் கேளுங்கோ. உண்மையா நிபுணர் எண்டா கோவிக்கமாட்டார்.

இனி, வளந்த ஆளுக்கும் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்? பன்னிரண்டு வயதுப் பிள்ளையின்ர தாடை வளந்துகொண்டிருக்கும். அந்த வளர்ச்சியைத் திருப்பிவிட்டே கன வேலை செய்யலாம். 31 இல தாடை வளராது. பல்லை மட்டும்தான் நகத்தலாம். தாடையே முன்பின்னா இருந்தா, ஒண்டு பல்லை வைச்சு அதை மறைக்கவேணும், இல்லாட்டி தாடைச் சத்திரசிகிச்சை. இதில எது எண்டு தீர்மானிக்க பக்கவாட்டில எடுக்கிற தலை எக்ஸ்றே வேணும். வாய் முழுக்க ஒரே படத்தில தெரியிற எக்ஸ்றேயும் வேணும். ரோச் வெளிச்சத்தில இது தெரியாது.

முக்கியமானது முரசு. பல்லு எலும்புக்குள்ளால நகருது. ஒரு பக்கம் எலும்பு கரைஞ்சு மற்றப் பக்கம் புதுசாக் கட்டுப்படும், மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர். முரசில வருத்தம் இருக்கேக்க பல்லை நகத்தினா கரையிற எலும்பு திரும்பக் கட்டுப்படாது. கடைசியில பல்லு நேரா நிக்கும், ஆனா ஆடும். முப்பதுக்கு மேல முரசு வருத்தம் கனபேருக்கு இருக்கு, வலிக்காததால தெரியிறதில்லை. உங்களுக்குக் குத்திக் குத்தி அளந்தாரே, அது மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கருவி. முரசுக்கும் பல்லுக்கும் இடையில பள்ளம் எவ்வளவு எண்டு பாக்கிறது. மூண்டு வரைக்கும் பயமில்லை, அதுக்கு மேல போனாக் கவனிக்கவேணும்.

என்னைக் கேட்டா, வளந்த ஆள் ஒருவர் டொக்டரைத் தெரிவுசெய்ய அந்தச் சோதனை ஒண்டே காணும். கம்பி கேட்டுப் போன இடத்தில முரசை அளக்காமல் திகதி குடுத்தா, எழும்பி வாங்கோ.

நீரிழிவு இருந்தாலோ, எலும்பு தேய்வுக்கு மருந்து எடுத்தாலோ, வெத்திலை, சிகரெட் பழக்கம் இருந்தாலோ மறைக்காமல் சொல்லவேணும். எல்லாம் எலும்போட சம்பந்தப்பட்ட சங்கதி.

வவுனியா ரவுண் எழுதியது:

//முரசை அளக்காமல் திகதி குடுத்தா, எழும்பி வாங்கோ//

டொக்டர் சொல்லுறது சரியாத்தான் இருக்கும். ஆனா நிபுணர், நிபுணர் எண்டு எல்லாரையும் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓட விடாதேங்கோ. என்ர மச்சாளுக்குப் பொதுப் பல் டொக்டர்தான் கம்பி போட்டவர். வடிவா வந்திருக்கு. விலையும் பாதி.

பரந்தன் பல்லுக்காரன் எழுதியது:

மச்சாளுக்கு என்ன பிரச்சினை இருந்தது எண்டு தெரியாமல் நான் ஒண்டும் சொல்லேலாது. முன்பல்லில சின்ன இடைவெளி எண்டா அனுபவமுள்ள பொதுப் பல் வைத்தியரே செய்வார். இந்தத் தங்கச்சியின்ர கதை வேற. ஏறி நிக்கிற வேட்டைப்பல்லைக் கீழ இறக்க இடம் வேணும். இடத்துக்குச் சிலவேளை, வேட்டைப்பல்லுக்குப் பின்னால நிக்கிற சின்னக் கொடுப்புப் பல்லு நாலு புடுங்கவேண்டி வரும். நல்ல பல்லு நாலைப் புடுங்கினாப் பிறகு திட்டம் பிழைச்சா, திருப்பி வைக்க வழியில்லை. புடுங்கவேணும் எண்டு சொன்னா, எத்தனை மில்லிமீற்றர் இடம் காணாது எண்டு அளந்து காட்டச் சொல்லுங்கோ. ஒரு சின்னக் கொடுப்புப் பல்லு ஏழு மில்லிமீற்றர் அகலம் வரும். கணக்குச் சரியா வரவேணும். புடுங்க முந்தி இன்னொரு நிபுணரிட்டயும் கேக்கிறது நல்லது.

ஸ்காபரோ வன்னியான் எழுதியது:

இந்தக் காலத்திலயும் கம்பியோ? இங்க எல்லாரும் அலைனர்தான் போடுகினம், பல்லுக்கு மேல போட்டுக் கழட்டுற கண்ணாடி மாதிரி உறை. ஒருத்தருக்கும் தெரியாது. அச்சு எடுத்து அனுப்பினாத் தபாலிலயே வரும், டொக்டரிட்டப் போகவே தேவையில்லை. தங்கச்சிக்குக் கலியாணப் பேச்செண்டா அதுதான் வசதி.

முறிகண்டிக் கச்சான் எழுதியது:

அண்ணை, டொக்டரே இல்லாமல் எண்டா என்ர கதைதான், முதல் நாளில இருந்தே.

பரந்தன் பல்லுக்காரன் எழுதியது:

தபாலில அலைனர் விக்கிறதில பெரிய கொம்பனியா இருந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில இழுத்து மூடினது. கனடாவிலயும் அவைக்கு வாடிக்கையாளர் இருந்தவை. சிகிச்சை பாதியில நிண்ட ஆக்கள், தங்கட பல் வைத்தியரிட்டப் போய்க் கேளுங்கோ எண்ட அறிவித்தலோட விடுபட்டவை.

அலைனரை நான் குறை சொல்லேல்ல. நிபுணர் பாத்துச் செய்தா நல்ல சாமான்தான். ஆனா நாளைக்கு இருபது, இருபத்திரெண்டு மணித்தியாலம் வாய்க்குள்ள இருக்கவேணும். சாப்பாட்டுக்குக் கழட்டி, பல்லுத் தீட்டி, திரும்பப் போடவேணும். சாப்பாட்டுக்குப் பிறகு வெறுந்தேத்தண்ணி, பேந்து கடலை எண்டு வாய் ஓயாத ஆக்களுக்குச் சரிவராது. இன்னொண்டு, ஏறி நிக்கிற வேட்டைப்பல்லை இறக்கிறதும், உருண்டையான பல்லைத் திருப்புறதும் அலைனருக்குச் சுகமான வேலை இல்லை. கம்பி அதைக் கெதியாவும் உறுதியாவும் செய்யும். உங்கட பல்லுக்கு அலைனர்தான் எண்டு படம் பாக்காமல் ஆரும் சொன்னா, அவை விக்கிற ஆக்கள்.

செட்டிகுளம் செல்வி எழுதியது:

நல்ல இழை. ஒருத்தரும் தொடாத ஒரு விசயம் கேக்கிறன். எங்கட பக்கம் சின்ன வயதில குழாய்க்கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்த ஆக்களின்ர பல்லில வெள்ளைப் புள்ளியும் மண்ணிறக் கறையும் இருக்குத்தானே. எனக்குப் போன வருசம் கம்பி ஒட்டினது. கம்பியைப் பிடிக்கப் பல்லில ஒட்டுற பொட்டு ஒண்டொண்டாக் கழண்டுகொண்டே இருந்தது. "கடினமானது சாப்பிடுறீங்களோ" எண்டு ஒவ்வொரு தரமும் ஏச்சு. பிறகு அங்க புதுசா வந்த ஒரு டொக்டர்தான் பல்லைத் துடைச்சுப் பாத்திட்டு, இது தண்ணியால வந்தது, ஒட்டுற முறையை மாத்தவேணும் எண்டவர். மாத்தினாப் பிறகு பெரிசாக் கழரேல்ல. தண்ணிக்கும் ஒட்டுறதுக்கும் என்ன சம்பந்தம்?

பரந்தன் பல்லுக்காரன் எழுதியது:

நல்ல கேள்வி. வன்னியில கம்பி போடப்போற ஆக்கள் கட்டாயம் அறிஞ்சிருக்கவேண்டியது.

வவுனியாப் பக்கத்து நிலத்தடி நீரில பல இடங்களில புளோரைட் கூட. உலக சுகாதார நிறுவனம் சொல்லுற அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதுக்கு மேல உள்ள தண்ணியை, பல்லு முரசுக்குள்ள உருவாகிற வயதில குடிச்சா, எனாமல் சரியா இறுகாது, கறை பிடிக்கும். எட்டு வயதுக்குள்ள நடந்து முடியிற வேலை இது. பிறகு தண்ணியை மாத்தினாலும் கறை போகாது. தண்ணியைக் கொதிக்க வைச்சாலும் புளோரைட் போகாது, வத்த வத்தச் செறிவு கூடத்தான் செய்யும்.

கம்பிப் பொட்டை ஒட்ட முந்தி எனாமலை பொசுபோரிக் அமிலத்தால கொஞ்சம் அரிச்சுச் சொரசொரப்பாக்குவம். பசை பிடிக்கிறது அந்தச் சொரசொரப்பில. புளோரைட் ஏறின எனாமலின்ர மேற்பரப்பு அமிலத்துக்கு லேசில மசியாது. அதால பசை பிடிக்காது, பொட்டு கழரும். கூட நேரம் அமிலம் வைக்கிறது, மேற்பரப்பை மெல்லிசா உரஞ்சி எடுக்கிறது எண்டு வழி இருக்கு. ஆனா முதல் நாளே பல்லைப் பாத்து இது புளோரைட் எண்டு பிடிக்கவேணும். கொழும்பில இருந்து வந்து போறவருக்கு நீங்களே சொல்லுங்கோ: எந்த ஊர், எந்தக் கிணறு, எத்தனை வயது வரைக்கும் குடிச்சனீங்கள் எண்டு.

வலைஞர்மடத்தான் எழுதியது:

எனக்குப் போர்க்காலத்தில செல் (எறிகணை) துண்டு பட்டு மேல் பல்லு ஒண்டு விழுந்தது, பக்கத்துப் பல்லுக்கும் அடி. பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆகுது. கம்பி போட்டு அந்த அடிபட்ட பல்லை இழுக்கப் பாத்தா அது அசையவேயில்லை. மற்றப் பல்லெல்லாம் அதை நோக்கிச் சரியத் தொடங்கீட்டுது. கம்பி போட்ட இடத்தில முதலே ஒருத்தரும் அடி பட்டதோ எண்டு கேக்கேல்ல.

பரந்தன் பல்லுக்காரன் எழுதியது:

அடிபட்ட பல்லு சிலவேளை எலும்போட ஒட்டிப்போகும். பல்லுக்கும் எலும்புக்கும் இடையில ஒரு மெல்லிய சவ்வு இருக்கு, அது இருக்கிறதாலதான் பல்லு நகருது. அந்தச் சவ்வு செத்தா, எவ்வளவு இழுத்தாலும் பல்லு வராது. நீங்கள் சொன்ன மாதிரி மற்றப் பல்லுதான் வரும். தட்டிப் பாத்தாச் சத்தம் வேற மாதிரிக் கேக்கும். தொடங்க முந்தியே சோதிக்கலாம். அந்தப் பல்லைத் தொடாமல், அதைச் சுத்தித் திட்டம் போடலாம். விழுந்த பல்லின்ர இடத்தையும் என்ன செய்யிறது எண்டு முதலே முடிவெடுக்கவேணும்: மூடுறதோ, செயற்கைப் பல்லுக்கு விடுறதோ எண்டு. முகத்துக்குள்ள துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ எடுக்கிற இடத்திலயும் மறக்காமல் சொல்லுங்கோ.

எங்கட ஆக்களிட்ட இந்தக் கேள்வியைக் கேக்காத டொக்டர் எங்கட இடத்தை அறியாதவர் எண்டு எடுத்துக்கொள்ளலாம்.

மன்னார் மணல் எழுதியது:

சென்னையில போய்ச் செய்தா மலிவாமே? இப்ப பலாலியில இருந்து பிளேன், காங்கேசன்துறையில இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் எல்லாம் இருக்குத்தானே.

முறிகண்டிக் கச்சான் எழுதியது:

நாலு கிழமை, ஆறு கிழமைக்கு ஒருக்கா இறுக்கப் போகவேணும் அண்ணை. ரெண்டு வருசத்துக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கோ.

வவுனியா ரவுண் எழுதியது:

இந்தப் போய்வாற கணக்குத்தான் எல்லாத்தையும் விடப் பெரிசு. ஒட்டுசுட்டானில இருந்து நெடுங்கேணி, புளியங்குளம் வழியா வவுனியா வரலாம், அல்லது மாங்குளம் வந்து ஏ9 பிடிக்கலாம். எப்பிடி வந்தாலும் அரை நாள் லீவு. சனி, ஞாயிறில மட்டும் வந்து பாக்கிற நிபுணர் எண்டா லீவு மிஞ்சும். ஆனா கம்பி குத்தினா செவ்வாய்க்கிழமை ஆர் பாக்கிறது எண்டு கேட்டு வையுங்கோ. கிட்ட உள்ள பல் டொக்டர் ஒருத்தரை முதலே பழகி வைச்சிருக்கிறது நல்லது. குத்துற நுனியை வெட்டிவிட அவர் காணும். மெழுகும் ஒரு பெட்டி பையில இருக்கட்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியையும் ஆரும் சொல்லேல்ல. அங்க காசில்லை. ஆனா பிள்ளையளுக்கும், மோசமான நிலைமைக்கும்தான் முன்னுரிமை, வரிசை நீளம். நிபுணருக்கு இடமாற்றமும் வரும். ஆனா அவர் போனாலும் கோப்பு ஆஸ்பத்திரியில இருக்கும், அடுத்தவர் வருவார். தனியார் கிளினிக்கில ஆள் போனாக் கோப்பும் போகுது, கச்சான் சொன்ன மாதிரி.

ரீச்சரக்கா எழுதியது:

நான் நாப்பது தாண்டிப் போட்டுக் கழட்டினவள், பள்ளிக்கூடத்தில பிள்ளையள் சிரிக்கச் சிரிக்க. தங்கச்சிக்குச் சில நடைமுறை விசயம்.

காசுக் கதையை எழுத்தில வேண்டுங்கோ. ஒட்டேக்க எவ்வளவு, ஒவ்வொரு வருகைக்கும் எவ்வளவு, பொட்டு கழண்டா ஆர் செலவு, கம்பி கழட்டினாப் பிறகு போடுற ரிடெய்னர் அந்தக் கணக்குக்குள்ள வருமோ. இந்தக் கடைசியை எல்லாரும் மறக்கிறது. கம்பி கழட்டினாப் பிறகு பல்லு பழைய இடத்துக்குத் திரும்பப் பாக்கும், முரசு நார் அடங்கவே ஒரு வருசமாகுமாம். நான் இண்டைக்கும் இரவில ரிடெய்னர் போட்டுத்தான் படுக்கிறது. "ஆறு மாதம் போட்டாக் காணும்" எண்டு சொல்லுற டொக்டரை நான் நம்பமாட்டன்.

நிறமில்லாத செராமிக் பொட்டு வேண்டினா, அதைக் கட்டுற வெள்ளை றப்பர் மஞ்சளில மஞ்சளாகும். எங்கட வீட்டுக் குழம்புக்கு ஒரு கிழமை காணும். நான் உலோகத்துக்கே போனன்.

புழுக்கொடியல், முறுக்கு, கச்சான், கரும்பு எல்லாத்துக்கும் விடுமுறை. நந்திக்கடல் றால் சாப்பிடலாம், நண்டுக்காலைக் கடிச்சு உடைக்கேலாது, ஆரும் உடைச்சுத் தந்தாச் சரி.

அம்மாவுக்குச் சொல்லுங்கோ, உந்த ஏறின வேட்டைப்பல்லு கலியாணத்துக்கு முந்தி எண்டு சொல்லி முடியிற வேலையில்லை. ஒண்டரை, ரெண்டு வருசம் சாதாரணம். வெளிநாட்டு மாப்பிள்ளை பாக்கினம் எண்டா அதையும் இப்பவே டொக்டருக்குச் சொல்லவேணும். பாதியில விசா வந்தா, அங்க ஒரு டொக்டர் எடுக்க வேணும், அவை அனேகமாப் புதுக் காசு கேப்பினம். ரெண்டு வருசம் இங்கதான் எண்டு உறுதி இருந்தா மட்டும் ஒட்டுங்கோ.

மட்டுறுத்துநர் எழுதியது:

டொக்டர்மாரின்ர பெயர், தொலைபேசி இலக்கம் போட்ட பதிவுகள் ரெண்டு நீக்கப்பட்டிருக்கு. பரிந்துரை எண்டாலும் சரி, குறை எண்டாலும் சரி, தனிமடலில அனுப்புங்கோ.

ஒட்டுசுட்டான் பெட்டை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முரசுச் சிகிச்சைக்கு ரெண்டாவது இடத்திலயே பதிஞ்சிட்டன். அவர் பற்சீரமைப்பு நிபுணர்தான், நேரில கேட்டன், கோவிக்கேல்ல. எக்ஸ்றே பிரதியும் தந்தார். அம்மா இன்னும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறா.

ஒரு கேள்வி மிச்சம். எனக்கும் முன்பல்லில கொஞ்சம் வெள்ளைப் புள்ளி இருக்கு, நெடுங்கேணியில அம்மம்மா வீட்டுக் கிணறு. அதை வெளுப்பாக்கிற சிகிச்சையைக் கம்பிக்கு முந்திச் செய்யிறதோ, பிந்தியோ?

பரந்தன் பல்லுக்காரன் எழுதியது:

பிந்தி. முந்திச் செய்தா, பொட்டு ஒட்டியிருந்த இடம் ஒரு நிறம், சுத்திவர வேற நிறம் எண்டு வரலாம். வெளுப்பாக்கின உடனே பசையும் சரியாப் பிடிக்காது. கம்பி இருக்கிற காலத்தில வடிவாத் தீட்டாட்டி, பொட்டைச் சுத்திப் புதுசாவும் வெள்ளைப் புள்ளி விழும். அது சூத்தையின்ர தொடக்கம். பழசு எது, புதுசு எது எண்டு பிறகு சண்டை வராமல் இருக்க, இப்பவே பகல் வெளிச்சத்தில முன்பல்லைக் கிட்ட வைச்சுப் படம் எடுத்து டொக்டரிட்டயும் ஒரு பிரதி குடுத்து வையுங்கோ.